நிலாவும் சோறும்

படப்பையில் எனக்கொரு நண்பர். ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளர், இரத்தக் கொதிப்புக்காரர். வைத்தியர் சொல்லி நடக்காதவர், இப்போது கைபேசி தரும் புள்ளிக்காக நடக்கிறார். "ஐம்பது வயதுப் பிள்ளைக்குப் பொம்மை காட்டினால்தான் கால் நகருகிறது!" என்று அவர் மனைவி சிரிக்கிறார்.

ஆசை காட்டிச் செய்விக்கும் நன்மை நன்மையாகுமா?

அமெரிக்காவில் இதய நோய்க்கு ஆளாகக்கூடிய 1,062 பேரைக் கொண்டு நடந்த ஆராய்ச்சி 2024-இல் வெளிவந்தது. அன்றாட இலக்கை அவரவரே குறித்துக்கொண்டார்கள். ஒரு பிரிவினருக்கு வாரத் தொடக்கத்தில் 70 புள்ளிகள்; இலக்குத் தவறிய நாளுக்குப் பத்துப் பறிபோகும். அந்தப் புள்ளிக்குக் காலணாவும் பெயராது. ஆயினும் அவர்கள், எந்த ஊக்கமும் இல்லாதவர்களைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 எட்டுகள் கூடுதலாக நடந்தார்கள். கையிலிருப்பதை இழக்க மனம் வருவதில்லை, பாருங்கள்!

நிலாவைக் காட்டிச் சோறூட்டும் தாயை வஞ்சகி என்போமா? நிலா கைக்கு வராவிட்டாலும் சோறு வயிற்றுக்குள் போய்விடுகிறது. ஆனால் வளர்ந்தவன் தனக்குத் தானே நிலாவைக் காட்டிக்கொள்ள வேண்டும். விரும்பியபோது ஆடவும் நிறுத்தவும் முடிந்தவரை அது விளையாட்டு. அந்த எட்டுக் கணக்கு முதலாளியின் மேஜைக்குப் போகுமானால், நடையும் ஒரு ஷிப்டு வேலையாகிவிடும்.