அறிந்தவரின் கடன்

கல்விக்கூடங்கள் நிறைந்த கோவை மாநகருக்குக் கருத்தரங்கு புதிதன்று. வேளாண்மைப் பல்கலைக்கழகம், பாரதியார் பல்கலைக்கழகம், பொறியியல் கல்லூரிகள், கலைக் கல்லூரிகள் என ஆண்டு முழுவதும் எங்கேனும் ஓர் அரங்கில் அறிஞர் பேசிக்கொண்டிருக்கிறார். பருவநிலை மாற்றம், எரிசக்திக் கொள்கை, நாடுகளின் பாதுகாப்பு ஆகிய மூன்றும் இன்று அவ்வரங்குகளில் அடிக்கடி ஒலிக்கும் பொருள்கள். மூன்றும் ஒன்றோடொன்று பின்னியவை. நிலக்கரியை எரித்தால் வானம் சூடேறுகிறது. எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் அயல்நாட்டை நம்பினால் அங்கே மூளும் போர் நம் அடுப்புக்கும் வந்து சேர்கிறது. இவற்றை மக்கள்முன் எடுத்துரைப்பது நற்பணி என்பதில் ஐயமில்லை.

ஆயினும் மனச்சான்றை உறுத்தும் வினா ஒன்று எஞ்சுகிறது. வரப்போகும் இன்னலை ஐயமற அறிந்து, பிழையின்றி எடுத்துரைத்து, பொன்னாடையும் நன்றியுரையும் பெற்று இல்லம் திரும்பும் ஒருவர், தம் கடனைத் தீர்த்துவிட்டாரா? அறிவு சொல்லோடு முடிவதா, அல்லது அறிந்தவரை வேறொன்றுக்கும் கட்டுப்படுத்துவதா?

பழைய பாடம் ஒன்று

பல்கலைக்கழகம் என்னும் அமைப்பு ஐரோப்பாவில் திருச்சபையின் நிழலில் வளர்ந்தது. 13ஆம் நூற்றாண்டில் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. திருவருகைக் காலத்திலும் தவக்காலத்திலும் இறையியல் ஆசிரியர் பொது அவையில் அமர்வார். அவையோர் எவரும் எதைப் பற்றியும் வினவலாம். தலைப்பைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஆசிரியருக்கு இல்லை. புனித தாமஸ் அக்குவினாசும் அவ்வாறு அமர்ந்து விடையளித்தவரே. வாதமும் எதிர்வாதமும் முடிந்தபின், பின்னொரு நாளில் ஆசிரியர் தம் முடிவை அறுதியிட்டுக் கூறியாக வேண்டும். இரு பக்கமும் உண்மை உண்டு என்று சொல்லி நழுவிவிட அவருக்கு வழியில்லை.

அந்த அவையில் உழவரும் இல்லை, பெண்களும் இல்லை என்பது உண்மைதான். எனினும் அவ்வழக்கம் இரண்டு கடமைகளைத் தெளிவாக உணர்த்துகிறது. அறிஞர் தாம் தேர்ந்தெடுக்காத கேள்வியையும் ஏற்க வேண்டும் என்பது ஒன்று. கேட்டபின் ஒரு முடிவுக்குத் தம்மை உட்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது மற்றொன்று. நம் கருத்தரங்குகளை இந்த இரு அளவுகோல்களால் அளந்து பார்ப்பது தகும்.

கம்பிக்குக் கீழே இருப்பவர்

கொங்கு நாட்டின் வரலாறு ஒரு வகையில் மின்சாரத்தின் வரலாறு. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் மண் இது. கவலை இறைத்து வெள்ளாமை செய்த நிலம். 1930களின் தொடக்கத்தில் நீலகிரியின் பைக்காராவிலிருந்து மின்சாரம் இறங்கி வந்தபோது இங்கே நூற்பாலைகள் பெருகின. கிணற்று மேட்டில் எருதுகள் நின்ற இடத்தில் மின்மோட்டார் வந்தது. அந்த மோட்டாரையும் பம்பையும் செய்யும் தொழிலே கோவைக்குப் பெயர் தேடித் தந்தது. இன்றோ நீரை மேட்டுக்கு ஏற்றவும் மின்சாரமே வேண்டியிருக்கிறது. பல்லாண்டுக் கோரிக்கைக்குப் பின் 2024இல் தொடங்கிவைக்கப்பட்ட அத்திக்கடவு–அவிநாசித் திட்டம், பவானியின் உபரிநீரை ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக 1,045 நீர்நிலைகளுக்குக் கொண்டு செல்கிறது. எனவே எரிசக்திக் கொள்கை என்பது இம்மண்ணில் தில்லியின் விவகாரம் அன்று. தோட்டத்து விவகாரம்.

அந்தக் கொள்கை ஒருநாள் கோபுர வடிவில் தோட்டத்துக்குள் இறங்கியது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் மாவட்டம் புகளூர்வரை ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர் தூரத்துக்கு, 800 கிலோவோல்ட் அழுத்தத்தில் 6,000 மெகாவாட் மின்சாரத்தைக் கொண்டுவரும் பாதை திட்டமிடப்பட்டது. புகளூரிலிருந்து கேரளத்தின் திருச்சூருக்கு 2,000 மெகாவாட் பாதை ஒன்றும் அதோடு இணைந்தது. இவை 2021இல் பயன்பாட்டுக்கு வந்தன. கோபுரம் நிற்கும் நிலம் கையகப்படுத்தப்படுவதில்லை. பட்டா விவசாயியின் பெயரிலேயே இருக்கும். ஆனால் கம்பிக்குக் கீழே தென்னை வளர்க்க முடியாது, வீடு கட்ட முடியாது, நிலத்தின் விலையும் சரியும். இதற்குரிய அதிகாரம் 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்திலிருந்து பெறப்பட்டது. 2018ஆம் ஆண்டின் இறுதியில் கொங்கு மாவட்டங்களின் விவசாயிகள் உண்ணாநோன்பு இருந்தார்கள். அவர்கள் கேட்டது மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி அன்று; சாலையோரமாக நிலத்தடியில் கொண்டு செல்லச் சொல்லி. திருச்சூரை நெருங்கும் பகுதியில் அதே பாதை நிலத்தடிக் கம்பியாகத்தான் செல்கிறது. அங்கே இயன்றது இங்கே ஏன் இயலாது என்று கேட்டார்கள்.

இக்கேள்விக்கு எளிய விடை இல்லை. நிலத்தடிக் கம்பிக்குச் செலவு பன்மடங்கு. காற்று மிகுந்த நாட்களில் உடுமலை, பல்லடம் பக்கத்துக் காற்றாலைகளின் மின்சாரம் வடக்கே செல்லவும் அதே பாதை பயன்படும். நிலக்கரியைக் கைவிட விரும்பும் உலகுக்கும் கம்பிகள் வேண்டும். பாதையே வேண்டாம் என்பவர் பருவநிலையைக் காக்க முடியாது. ஆனால் இந்தச் செலவை யார் சுமப்பது என்பது பொறியியல் கேள்வி அன்று, அறத்தின் கேள்வி. மின்சாரம் கோடிக்கணக்கானவர்க்குப் பயன்படுமென்றால், கூடுதல் செலவையும் அக்கோடிப் பேரும் சிறிது சிறிதாகப் பகிரலாம். அவ்வாறின்றி ஏழு ஏக்கர் தோட்டக்காரர் ஒருவரே முழுதும் சுமக்க வேண்டும் என்பதற்கு நியாயம் யாது? குளிரூட்டப்பட்ட அரங்கில் எரிசக்திப் பாதுகாப்பைப் பேசும்போது, தலைக்கு மேலே சுழலும் காற்றும் ஒளிரும் விளக்கும் யார் தோட்டத்தின் வழியாக வந்தன என்று வினவும் குரல் அங்கே இருக்க வேண்டாமா?

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2015இல் எழுதிய 'லவுதாத்தோ சி' சுற்றுமடலில் இதைத்தான் வலியுறுத்தினார். சுற்றுச்சூழலைப் பாதிக்கும் முடிவுகளை எடுக்கும் மேசையில் அந்தந்த இடத்து மக்களுக்குத் தனியிடம் வேண்டும் என்பது அவர் போதனை. இரக்கத்தால் அளிக்கும் இருக்கை அன்று அது. தம் பிள்ளைகளின் எதிர்காலத்தை அந்த மண்ணில் காண்பவர்கள் என்பதால் அவர்களுக்குரிய உரிமை அது.

சொல்லிலிருந்து முடிவுக்கு

இரண்டாம் கடமைக்கு வருவோம். அறிந்தபின் முடிவுக்கு உட்படுதல் எத்தகையது என்பதற்கு ஜோசப் ரோட்பிளாட் சான்று. போலந்தில் பிறந்த அந்த இயற்பியலார், அமெரிக்காவின் அணுகுண்டுத் திட்டத்தில் பணியாற்றினார். ஜெர்மனி குண்டு செய்யவில்லை என்பது தெரிந்ததும், 1944இன் இறுதியில் மனச்சான்றின் காரணமாக அப்பணியைத் துறந்தார். அதனால் ஒற்றர் என்ற ஐயத்துக்கும் ஆளானார். பின்னர் அவர் முன்னின்று வளர்த்ததே பக்வாஷ் மாநாடு. போரையும் அணு ஆயுதத்தையும் பற்றி எதிரெதிர் நாட்டு அறிஞர்கள் ஒரே மேசையில் பேசும் கருத்தரங்கு அது. முதல் கூட்டத்தைத் தில்லியில் நடத்த நேரு அழைத்திருந்தார். 1956ஆம் ஆண்டின் சூயஸ் நெருக்கடி அதைத் தடுத்தது. 1957இல் கனடாவின் பக்வாஷ் என்னும் சிற்றூரில் 22 அறிஞர்கள் கூடினர். 1995இல் அம்மாநாட்டுக்கும் ரோட்பிளாட்டுக்கும் அமைதிக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அந்த அமைப்புக்கு 2002 முதல் 2007 வரை தலைமை தாங்கியவர் கோவை வேளாண்மைக் கல்லூரியின் பழைய மாணவர் எம்.எஸ்.சுவாமிநாதன் என்பது இவ்வூர் பெருமைப்படத் தக்கது. பெருமையினும் பெரிது அவர் 1968இல் செய்த ஒன்று. பசுமைப் புரட்சியின் முன்னணியில் நின்றிருந்த அவரே, வாரணாசி அறிவியல் மாநாட்டில், நிலத்தடி நீரை அளவின்றி உறிஞ்சினால் வேளாண்மை அழியும் என எச்சரித்தார். தம் வெற்றி தொடங்கும் வேளையிலேயே அதன் எல்லையைச் சொன்னார். அந்த எச்சரிக்கை எங்கும் கேட்கப்பட்டது. கொங்கு மண்ணிலோ ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரம் அடியைத் தாண்டின. அறிவு இருந்தது, முடிவு இல்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். அறிஞர் பணி ஆராய்வது. முடிவெடுப்பது அரசின் பணி. பல்கலைக்கழகம் ஒரு பக்கம் சாய்ந்தால் அதன் நடுநிலை கெட்டுவிடும் என்பர். இம்மறுப்பில் உண்மை உண்டு. கட்சிக் கொடி ஏந்தும் பேராசிரியரை இருதரப்பும் நம்பாது. எனினும் நடுநிலை வேறு, வாய்மூடல் வேறு. சான்றுகள் ஒரு பக்கமே காட்டும்போது அப்பக்கத்தைச் சுட்டாமல் இருப்பது நடுநிலை ஆகாது. நொய்யல் இதற்குச் சான்று. சாயக்கழிவு ஆற்றைக் கெடுத்தது பல காலமாகத் தெரிந்த செய்தி. ஆயினும் வழக்குமன்றத்தை நாடியவர்கள் நொய்யல் பாசன விவசாயிகள். 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிடும்வரை அறிவு அரங்குகளுக்குள்ளேயே இருந்தது.

எளிதான உண்மைகளும் உண்டு, விலை கொடுக்க வேண்டிய உண்மைகளும் உண்டு. செல்வ நாடுகளே வானில் கரியைப் பெரிதும் நிறைத்தன என்று கோவையில் சொல்வது மெய்யுரை. ஆனால் அதைச் சொல்வதால் சொல்பவர் எதையும் இழப்பதில்லை. தொழிலதிபர்களின் கொடையால் எழுந்த கல்லூரியில் ஆலைகளின் பொறுப்பைப் பேசுவதற்குத் துணிவு வேண்டும். விவசாயிகள் கூடிய அவையில் இலவச மின்சாரத்தைப் பற்றிப் பேசுவதற்கு அதைவிடத் துணிவு வேண்டும். 1990 முதல் தமிழகத்து வேளாண் பம்புகளுக்குக் கட்டணமில்லை. நீர்மட்டம் சரிந்ததில் அதற்கும் பங்குண்டு. ஆனால் அதைச் சொல்பவர், 1970இல் மின்கட்டண உயர்வை எதிர்த்துப் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியான மூன்று விவசாயிகளையும், நாராயணசாமி நாயுடுவின் பின்னே 1972இல் கோவைத் தெருக்களை நிறைத்த மாட்டு வண்டிகளையும் நினைவில் கொண்டு சொல்ல வேண்டும். அச்சலுகை வானிலிருந்து விழுந்ததன்று. அதை மாற்றச் சொல்பவர், மாற்றாக உழவருக்கு என்ன கிடைக்கும் என்பதையும் சேர்த்தே சொல்லக் கடமைப்பட்டவர். 2016இல் வடகிழக்குப் பருவமழை 60 விழுக்காட்டுக்கும் மேல் பொய்த்தபோது கருகிய தென்னைகளைக் கண்டவரிடம் சிக்கனத்தை மட்டும் போதிப்பது நீதியன்று.

பாதுகாப்பு யாருக்கு?

நாடுகளின் பாதுகாப்பு பற்றிய பேச்சிலும் இதே அளவுகோல் பொருந்தும். 2022 பிப்ரவரியில் உக்ரைனில் போர் மூண்டது. உலகச் சந்தையில் எரிபொருள் விலை உயர்ந்தது. அவ்வாண்டு கோடையில் நிலக்கரித் தட்டுப்பாட்டால் நம் நாட்டில் மின்வெட்டு நேர்ந்தது. சபோரிச்சியா அணுமின் நிலையம் படைகளின் கைக்கு மாறியபோது, அணு உலை ஒன்று போர்க்களத்தின் நடுவே நிற்கக்கூடும் என்பதை உலகம் கண்டது. நம் கூடங்குளத்து உலைகள் 1988ஆம் ஆண்டின் சோவியத் ஒப்பந்தத்தில் பிறந்தவை. 2011இல் ஜப்பானின் புகுஷிமா விபத்துக்குப் பின், இடிந்தகரை லூர்து அன்னை ஆலயத்தின்முன் கூடிய மீனவ மக்கள் கேட்டது இத்தகைய கேள்விகளைத்தான். அணுமின்சாரம் வேண்டுமா வேண்டாமா என்பதில் நல்லோர் வேறுபடலாம். ஆனால் கேட்டவர்கள்மீது தேசத்துரோக வழக்குகள் தொடரப்பட்டன. வழக்கு ஒருபோதும் விடையாகாது. மக்களின் அச்சத்தைப் பொருட்படுத்தாத பாதுகாப்பு யாருடைய பாதுகாப்பு?

கியூபா ஏவுகணை நெருக்கடியில் உலகம் அழிவின் விளிம்பைத் தொட்டுத் திரும்பிய சில மாதங்களில், 1963இல் திருத்தந்தை 23ஆம் யோவான் அமைதி பற்றிய தம் சுற்றுமடலைத் திருச்சபைக்கு மட்டுமன்றி நல்மனம் கொண்ட அனைவருக்கும் எழுதினார். அமைதி வல்லுநரின் தனிச்சொத்து அன்று என்பதே அதன் உட்பொருள்.

விவிலியத்தில் இறைவாக்கினர் எசேக்கியேலிடம் ஆண்டவர் காவலாளியைப் பற்றிப் பேசுகிறார். வாள் வருவதைக் கண்டும் எக்காளம் ஊதாத காவலாளியிடம் மாண்டவரின் இரத்தப்பழி கேட்கப்படும். காண்பது ஒரு பொறுப்பு என்பது அதன் பொருள். அவன் ஊரின் மதில்மேல் நிற்கிறான். ஊரார் உண்ண உணவளித்து அவனை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். நம் பல்கலைக்கழகங்களையும் மக்களின் வரிப்பணமும் கொடையும் உயரத்தில் நிறுத்தியிருக்கின்றன. எக்காளம் ஊருக்குக் கேட்கும் வண்ணம் ஊதப்பட வேண்டும். அதுவும் ஊரார் மொழியில்.

இதற்குப் பெரும் புரட்சி தேவையில்லை. கருத்தரங்கின் முதல் மணி நேரத்தைச் சுல்தான்பேட்டை விவசாயிக்கும் சோமனூர் விசைத்தறியாளருக்கும் கேள்வி கேட்க ஒதுக்கலாம். முடிவில் நன்றியுரைக்கு முன்பாக, ஏற்றுக்கொண்ட முடிவு எது, அதன்படி இக்கல்லூரி தன் மின்சாரத்திலும் தண்ணீரிலும் எதை மாற்றும் என்று ஒரு பக்கம் தமிழில் எழுதி வைக்கலாம். மறு ஆண்டு கூடும்போது அப்பக்கத்தை முதலில் படிக்கலாம். நம் பங்குகளின் அரங்குகளும் மறைமாவட்டப் பள்ளிகளும் இதில் முந்திக்கொண்டால் யார் தடுக்கப் போகிறார்கள்? அப்பக்கம் வெறுமையாக இருக்கும் ஆண்டில், குறைந்த அளவு, நாம் எதைச் செய்யவில்லை என்பதேனும் எல்லோருக்கும் தெரியும்.