முகமலர்ச்சியும் அகமலர்ச்சியும்

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பது எம்மவர் நாவில் பழகிப்போன பழமொழி. அவ்வாறாயின், மாறாத நோயொன்றுடன் எஞ்சிய காலம் முழுவதையும் கழிக்க வேண்டியவருக்கு என்ன செல்வம் மிஞ்சுகிறது? "மனந் தளராதீர்கள், எல்லாம் சரிவரும்" என்று பார்க்க வருவோர் சொல்லிச் செல்கின்றனர். நாளுக்கு நாள் கூடுவதையே இயல்பாகக் கொண்ட நோயில் எல்லாம் சரிவராது என்பது நோயாளிக்குத் தெரியும். தெரிந்துகொண்டே மனந் தளராதிருத்தல் இயலுமா என்பது சிந்திக்கத்தக்கது.

இத்தகைய நோய்களுள் ஒன்று நடுக்குவாதம். லண்டன் வைத்தியரான ஜேம்ஸ் பாக்கின்சன் 1817ஆம் ஆண்டில் இதனை விவரித்து எழுதியமையால் அவர் பெயராலேயே இன்று வழங்குகின்றது. மூளையில் டோபமின் என்னும் பதார்த்தத்தை உண்டாக்கும் கலங்கள் சிறிது சிறிதாக அழிந்துபோவதால் கை நடுங்கும், நடை குறுகும், எழுத்துச் சிறுக்கும், குரல் தணியும். 2019இல் உலகில் 85 இலட்சத்துக்கும் அதிகமானோர் இந்நோயுடன் வாழ்ந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. லெவோடோபா என்னும் மருந்து துன்பத்தைக் குறைக்குமேயன்றி நோயை நிறுத்துவதில்லை.

இந்நோயில் கவனிக்க வேண்டிய வேறொன்றும் உண்டு. முகத்தின் தசைகள் இறுகிவிடுவதால் நோயாளியால் முன்போல் புன்னகைக்க முடியாது. உள்ளே மகிழ்ச்சி நிறைந்திருக்கையிலும் முகம் கடுகடுப்பாகவே தோன்றும். "இவர் இப்போது எவரையும் மதிப்பதில்லை" என்று உறவினர் பிழையாக எண்ணுவதும் உண்டு. மேலும், மனச்சோர்வு இந்நோயின் ஒரு பகுதியாகவே வருவதுண்டு. அது பக்திக் குறைவுமன்று, மனவுறுதிக் குறைவுமன்று. அதற்கும் வைத்தியம் உண்டு. எனவே, முகமலர்ச்சியைக் கொண்டு அகமலர்ச்சியை அளப்பவர் ஏமாந்து போவர்.

"எல்லாம் வினைப்பயன்" என்று கூறி விலகிச் செல்வோரும் உளர். பிராரத்த வினை அனுபவித்தே கழியும் என்பது சைவ சித்தாந்தம் கூறும் உண்மை. ஆனால் அது ஒருவர் தம் துன்பத்தைத் தாங்குவதற்குத் துணைசெய்யும் சிந்தனையே தவிர, மற்றவரின் துன்பத்துக்குத் தீர்ப்பெழுதும் கோல் அன்று. அப்பர் சுவாமிகளுக்கு வந்த சூலைநோய் அவரைச் சைவத்துக்கு மீட்ட அருளாயிற்று. எந்த நோய் தண்டனை, எந்த நோய் அருள் என்று பக்கத்தில் நிற்பவர் எவ்வாறு அறிவார்?

சுந்தரமூர்த்தி சுவாமிகளின் வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. திருவொற்றியூரில் கண்ணொளி இழந்த அவர், வாய்மூடிப் பொறுத்திருக்கவில்லை. இறைவனிடம் முறையிட்டார், தோழமை உரிமையோடு கடிந்தும் பாடினார். திருவெண்பாக்கத்தில் அவருக்குக் கிடைத்தது கண்ணன்று, ஓர் ஊன்றுகோல். காஞ்சியில் ஒரு கண்ணும், பின்னர் திருவாரூரில் மற்றைய கண்ணும் கிடைத்தன. ஊன்றுகோல் கிடைத்த இடத்தில் அவர் நின்றுவிடவில்லை, நடந்தார். முறையிடுவது நம்பிக்கையின்மை அன்று என்பதும், குணமாகும்வரை காத்திராமல் இருப்பதைக் கொண்டு நடக்கலாம் என்பதும் இவ்வரலாற்றிற் பெறப்படும்.

பிற சமயத்தவரிடமும் இதற்கு உதாரணம் உண்டு. 1995 ஜனவரியில் காலிமுகத் திடலில் யோசேவ் வாஸ் அடிகளாரை அருளாளராக உயர்த்திய பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் இந்நோயினால் பீடிக்கப்பட்டவர். பின்வந்த ஆண்டுகளில் நடுங்கும் கையையும் குழறும் நாவையும் அவர் உலகின் கண்ணுக்கு மறைக்கவில்லை. 2005ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று சாளரத்தில் தோன்றியும் பேச முடியாமற்போக, கையை உயர்த்தி ஆசி வழங்கினார். சில நாட்களில் இறைவனடி சேர்ந்தார். இயன்றதை இயன்றவரை செய்வதே மனந் தளராமை. நோய் இல்லாததுபோல் நடிப்பது அதுவன்று.

நோயாளிக்கு இவ்வளவு கூறினால், சுற்றியிருப்போருக்கும் கடமை உண்டு. வெள்ளவத்தையின் தொடர்மாடிகளிலும் கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய ஒழுங்கைகளிலும், பிள்ளைகள் கடல் கடந்திருக்கத் தனித்து வாழும் முதியோர் பலர். கை நடுங்குகிறதே, திருநீறு சிந்திவிடுமே என்று கூசிக் கோயிலுக்கு வருவதை நிறுத்திக்கொள்பவரும் அவர்களில் இருப்பர். திருநீறு சிந்தினால் கூட்டி அள்ளலாம். வராமல் நின்ற அடியவரை அழைத்து வருவதுதான் கடினம். வீதியில் கால் திடீரென நிலத்தில் ஒட்டியதுபோல் நின்றுவிட்டால், பிடித்து இழுக்காமல் சற்றுப் பொறுத்து, தாளம்போல் எண்ணிக் கொடுத்தால் அடியெடுத்து வைப்பது இலகுவாகும். கூட்டுப் பிரார்த்தனையில் வாய்விட்டுப் பாடுவது தணிந்த குரலுக்கும் பயிற்சி. கந்தசஷ்டி போன்ற விரத நாட்களில் வைத்தியரைக் கேளாமல் குளிசையை நிறுத்துவது ஆபத்தானது. உரிய நேரத்தில் மருந்து எடுப்பதால் விரதம் கெட்டுவிடாது. பேச நேரம் எடுப்பவரின் வசனத்தை மற்றவர் முடித்து வைக்காமல் காத்திருந்து கேட்பதும் ஒரு தொண்டே.

மனந் தளராமையை நோயாளி ஒருவரிடமே எதிர்பார்ப்பது நியாயமன்று. அது தாங்குபவருக்கும் துணைநிற்பவருக்கும் பொதுவான பொறுப்பு. கண்ணைக் கொடுப்பது இறைவன் செயல். ஊன்றுகோலாய் நிற்பது அடியார் எவராலும் இயலும்.