இல்லை என்று சொல்லும் உரிமை

மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ ஒரு பழைய கடைக்குள் நுழைந்து பாருங்கள். கல்லாப் பெட்டிக்கு மேலே ஒரு படம் மாட்டியிருக்கும். அதற்குச் சந்தன மாலை. மாலைக்குக் கீழே மினுக்கென்று ஒரு சிவப்பு விளக்கு. கடையை ஸ்தாபித்தவர். "வெறுங்கையோடு பட்டணம் வந்தவர், ஸார்!" என்று பேரன் பெருமையோடு சொல்லுவான். அந்தப் பெருமையைக் குறைக்க எனக்கு விருப்பமில்லை. ஆயினும் இந்த 'வெறுங்கை' என்ற கணக்கு எனக்கு விளங்குவதே இல்லை. வெறுங்கை முழம் போடுமா என்று நம் பாட்டிமார்கள் தெரியாமலா கேட்டார்கள்? அந்தக் கைக்குள் தாயின் வளையல் இருந்திருக்கும். மாமனாரின் நிலப் பத்திரம் இருந்திருக்கும். அல்லது, 'விற்றுவிட்டுப் பணம் கொடு, தம்பி' என்று ஒரு மொத்த வியாபாரி தவணைக்குக் கொடுத்த சரக்காவது இருந்திருக்கும். அவர்களுக்கெல்லாம் சுவரில் இடமில்லை.

சொந்தமாகத் தொழில் செய்யப் போகிறேன் என்று ஒரு பிள்ளை வாயைத் திறந்துவிட்டால் நம் நடுத்தரக் குடும்பங்களில் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஒன்றாந்தேதி சம்பளம் வருகிற உத்தியோகத்தை விட்டுவிட்டு இது என்ன வேண்டாத வேலை என்று தகப்பனார் கூச்சலிடுவார். தாய் சமையலறையிலிருந்து எட்டிப் பார்ப்பாள். லாபம் வருமா, நஷ்டம் வருமா என்பதோடு விவாதம் நின்றுவிடும். தன்னுடையதல்லாத பணத்தைப் பணயம் வைக்க ஒருவனுக்கு நியாயம் உண்டா என்ற கேள்வியை யாரும் எழுப்புவதில்லை. பணமில்லாத இளைஞனுக்கு மற்றெல்லாக் கேள்விகளையும் விட முந்தியது அதுதான்.

நியாயம் உண்டு என்பதே என் கட்சி. இல்லையென்றால் வியாபாரம் பணக்காரர் பிள்ளைகளின் பரம்பரைச் சொத்தாகிவிடும். ஆனால் அந்த நியாயத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. எவருடைய பணத்தைத் தொடுகிறோமோ, அவர் 'இல்லை' என்று சொல்லக் கூடியவராக இருக்க வேண்டும்.

எஸ். எஸ். வாசனை எடுத்துக் கொள்வோம். திருத்துறைப்பூண்டியில் பிறந்து, சிறு வயதிலேயே தந்தையை இழந்து, தாயின் உழைப்பில் சென்னையில் படித்தவர். விளம்பரம் சேகரித்துக் கொடுத்தார். தபால் மூலம் சாமான்கள் விற்றார். பூதூர் வைத்தியநாதய்யர் 1926-ல் தொடங்கித் தள்ளாடிக் கொண்டிருந்த 'ஆனந்த விகடன்' பத்திரிகையை 1928-ல் அவர் வாங்கியபோது வயது இருபத்தைந்தைத் தொட்டிருந்தால் அதிகம். எழுத்துக்கு 25 ரூபாய் வீதம் எட்டெழுத்துக்கு 200 ரூபாய் கொடுத்தார் என்பது பத்திரிகை உலகத்தில் வழிவழியாக வரும் கதை. இந்தக் கதையில் எல்லோரும் இருநூறு ரூபாயையே பார்க்கிறார்கள். என் கண் அந்தத் தபால் வியாபாரத்தின் மேல் போகிறது.

அந்தக் காலத்து வி.பி.பி. முறை பலருக்கு மறந்திருக்கலாம். ஊர்க்கோடியில் இருப்பவர் ஒரு கார்டு எழுதிப் போடுவார். சாமான் பார்சலாகப் போகும். தபால்காரர் வாசலில் நின்று பணத்தை வாங்கிக் கொண்டு பார்சலைக் கொடுப்பார். வேண்டாம் என்று அவர் திருப்பி அனுப்பினால் போகிற கூலி, வருகிற கூலி எல்லாம் அனுப்பியவன் தலையில். பிரித்துப் பார்த்து ஏமாந்தால் அந்தத் தடவை ஏமாந்ததுதான். ஆனால் மறு தடவை கார்டு வராது, அவருடைய தெருவிலிருந்தே வராது. பத்திரிகையும் இதே ஜாதிதான். போன வாரம் வாங்கியவர் இந்த வாரம் வாங்க வேண்டும் என்று சட்டமில்லை. தினமும் யாராவது 'வேண்டாம்' என்று சொல்லக் கூடிய இடத்தில் நின்று பிழைப்பவனுக்குப் பொய் கட்டுப்படியாகாது.

லஸ்ஸில் நாகேஸ்வரராவ் பூங்காவில் காலையில் நடக்கிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பெயருக்குரியவரை நினைக்கிறார்களோ தெரியாது. காசிநாதுனி நாகேஸ்வரராவ் 1893-ல் பம்பாயில் அமிர்தாஞ்சனத்தைத் தொடங்கினார். சங்கீதக் கச்சேரிகளில் அந்த மஞ்சள் தைலத்தை இலவசமாகவே கொடுத்தார். பிறகு 1914-ல் சென்னைக்கு வந்தார். இலவசமாகக் கொடுப்பதைத் தந்திரம் என்று சிலர் சொல்லக்கூடும். இருக்கட்டுமே! தலைவலி போகவில்லை என்றால் வாங்காமல் போய்விடலாம் என்ற சுதந்திரத்தைக் கேட்பவர் கையில் கொடுத்த பிறகு நடத்திய தந்திரம் அது.

இதற்கு நேர் எதிரான காரியத்தையும் இதே ஊர் பார்த்திருக்கிறது. அர்பத்நாட் கம்பெனிக்கு மூலதனப் பஞ்சமா, பெயர்ப் பஞ்சமா? 1906 அக்டோபரில் அது கவிழ்ந்தபோது சென்னையின் உத்தியோகஸ்தர்களும் விதவைகளும் போட்டிருந்த சேமிப்பு அதோடு போயிற்று. சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது. நஷ்டப்பட்டதற்காக நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன்; நஷ்டம் யாருக்கும் வரும். உள்ளே குழி விழுந்திருந்தது. வெளியே டெபாசிட் வாங்கும் ஜன்னல் திறந்தே இருந்தது. பணம் கட்ட வந்த மனிதன் உண்மை தெரிந்திருந்தால் 'இல்லை' என்று சொல்லியிருப்பான். அந்தச் சொல்லை அவன் வாயிலிருந்து திருடினார்கள். அடுத்த ஆண்டு, மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர் முன்னின்று இந்தியன் பாங்க் எழும்பியது. அதே மயிலாப்பூரில் 1872-லிருந்து இயங்கிவந்த இந்து பர்மனென்ட் பண்டின் நிர்வாக இயக்குநர், பணம் போட்டவர்களின் புகாரின் மேல் 2024 ஆகஸ்டில் கைதானார். அந்த வழக்கின் தீர்ப்பு நீதிமன்றத்துடையது. நூற்றைம்பது வருஷத்துப் பழக்கத்தை நம்பிப் பணம் போட்டவர்களின் வயிற்றெரிச்சல் நம் கண்ணெதிரே நடந்தது.

கடன் கொடுப்பவருக்கு மட்டுமல்ல, வாங்குபவனுக்கும் இந்த உரிமை வேண்டும். தெருவோரத்தில் இட்லிக் கடை போடுகிறவளிடம் தண்டல்காரர் பத்தாயிரம் என்று சொல்லி ஒன்பதாயிரத்தைக் கையில் கொடுக்கிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். நாளுக்கு நூறாக நூறு நாள் கட்ட வேண்டும். மழை பெய்தாலும் நூறு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் நூறு. அந்த வட்டியை ஒரு வருஷக் கணக்காக்கிப் பார்த்தால் பாங்குக்காரனே மயங்கி விழுவான். அவளுக்கு அது தெரியாதா? தெரியும். விடிந்தால் அரிசி வாங்க வேண்டுமே! தெரு வியாபாரிகளுக்கென்று மத்திய சர்க்கார் 2020-ல் ஸ்வநிதி கடன் கொண்டுவந்தபோது முதல் தவணை பத்தாயிரம் ரூபாய்தான். பெரிய தொகை இல்லை. தண்டல்காரரிடம் 'வேண்டாம், ஐயா' என்று சொல்ல அவளுக்கு ஒரு வாய் கிடைத்ததே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

இனி, சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த தாயிடம் வருகிறேன். மிகவும் கஷ்டமான இடம் இதுதான். பிள்ளை கேட்டால் அவள் கொடுத்துவிடுவாள். நஷ்டம் வரலாம் என்று நூறு தடவை எடுத்துச் சொன்னாலும் வளையலைக் கழற்றத்தான் போகிறாள். 'இல்லை' என்று சொல்ல முடியாதவளிடம் போய், 'உன் சம்மதத்தோடுதானே வாங்கினேன்' என்று பின்னால் சொல்லுவது என்ன நியாயம்? பெற்றவள் பணம்தானே என்று இளைஞர்கள் இதை லேசாக நினைக்கிறார்கள். அந்நியனிடம் வாங்கிய கடனை விட அது கனமானது என்று எனக்குத் தோன்றுகிறது. அந்நியன் கோர்ட்டுக்குப் போவான். அவள் எங்கே போவாள்?

ஆகவே தொழில் தொடங்கும் பிள்ளை முதலில் பாங்கு மேலாளரிடம் போகட்டும். மொத்த வியாபாரியிடம் போகட்டும். தன் சரக்கைத் தெருவில் நாலு பேரிடம் விற்றுப் பார்க்கட்டும். அவர்கள் முகத்துக்கு நேரே 'இல்லை' என்பார்கள். அவமானமாக இருக்கும். ஆனால் அவனுடைய கணக்கில் எங்கே ஓட்டை என்று சொல்லப் போகிறவர்களும் அவர்கள்தாம். தாய் சொல்ல மாட்டாள். எல்லோரும் கைவிரித்த பிறகு வேறு வழியில்லாமல் அவளிடம் வந்தால் வரட்டும். அவள் கொடுக்கத் தயாராக இருப்பதில் பாதியைக் கேட்கட்டும். மேலாளர் என்ன காரணம் சொல்லி 'இல்லை' என்றார் என்பதையும் அவளிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டுக் கேட்கட்டும்.