அழகும் உழைப்பும்

கண்டியிலிருந்து மகியங்கனை செல்லும் வீதியில், தெல்தெனியவைக் கடந்து மேலேறினால் ஹுன்னஸ்கிரிய வருகிறது. அங்கிருந்து பிரியும் மலைப்பாதை தேயிலைத் தோட்டங்களினூடே கோர்பெட் கணவாய்க்கு ஏறி, மீமுரேக் கிராமத்திற்கு இறங்குகிறது. நக்கிள்ஸ் என்றும் தும்பறை என்றும் வழங்கும் இம்மலைத்தொடரின் காடு, 2010இல் உலக மரபுரிமைச் சொத்தின் ஒரு பகுதியாக ஏற்கப்பெற்றது. ஐரோப்பியர் விடுமுறையில் திராட்சைத் தோட்டக் கிராமங்களிடையே சைக்கிளில் சுற்றி வருவதுபோல, இப்பாதையில் சைக்கிளேறிச் செல்வோரும் உண்டு. பிறர் உழைப்பில் விளைந்த அழகை, உழைத்தவரை மறந்து சுவைப்பது அறமாகுமா என்பதே நம்முன் உள்ள வினா.

இயற்கையழகைக் காணச் செல்பவனிடம் உழைப்பைப் பற்றி ஏன் பேசவேண்டும் எனச் சிலர் கேட்கலாம். காடு இயற்கையின் ஆக்கம், ஐயமில்லை. தேயிலைச் சரிவோ அப்படியன்று. கவ்வாத்து வெட்டாது விட்டால் தேயிலை மரமாக வளர்ந்துவிடும். மலைக்குப் பச்சைப்பட்டு உடுத்தினாற்போன்ற அச்சமநிலை, கத்தியும் கையும் இடையறாது ஆக்குவது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்டிச் சீமையின் காடுகளை அழித்துக் கோப்பி பயிரிட்டனர். 1869இல் தோன்றிய இலைநோய் அதனை வீழ்த்தியது. தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. இவ்வனைத்திற்கும் தோள்கொடுத்தவர், தமிழகத்திலிருந்து கடல்கடந்து, மன்னாரிலிருந்து மாத்தளைவரை கால்நடையாகவே வந்த ஏழைகள். வழியிலேயே நோயுற்று மாண்டவர் பலர். எஞ்சியோரின் சந்ததியாருள் மிகப் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது.

மோட்டார் வாகனத்தில் விரைபவன், தான் எதனையும் காணவில்லை என்று சொல்லித் தப்பலாம். சைக்கிளில் செல்பவனுக்கு அந்தச் சாக்கு இல்லை. ஏற்றத்தில் அவன் வேகம் கொழுந்துக்கூடை சுமப்பவளின் நடைவேகமே. லயத்து வாசலும், பீலியடியில் குடத்துடன் நிற்கும் சிறுமியும் அவன் கண்ணுக்குத் தப்புவதில்லை.

உல்லாசப் பயணிகள் பணம் தருகிறார்களே, கடன் தீர்ந்துவிட்டதன்றோ என்பர் சிலர். அப்பணம் எங்கே போகிறது என்று பார்ப்போம். துரைமார் வாழ்ந்த பங்களாக்கள் பல இன்று விருந்தினர் விடுதிகள். அதே காலத்தில் எழுந்த லயன்கள் பலவற்றிலோ இன்னும் குடும்பங்கள் நெருக்குண்டு வாழ்கின்றன. நாட்கூலி 1000 ரூபாய் எனச் சட்டப்படி நிர்ணயமாவதற்கே ஆண்டுக்கணக்கில் போராடி, 2021வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அப்படியாயின் இன்பத்தையே துறந்துவிட வேண்டுமா? வேண்டியதில்லை. விடுமுறை என்பதே தொழிலாளர் போராடிப் பெற்ற செல்வம். 1936இல் பிரான்சில், தொழிற்சாலைகளைக் கைப்பற்றி நடந்த பெரும் வேலைநிறுத்தங்களை அடுத்து, மக்கள் முன்னணி அரசாங்கம் இருவார ஊதிய விடுமுறையைச் சட்டமாக்கியது. அதுவரை விடுமுறையே அறியாத தொழிலாளர் சைக்கிளேறி நாட்டுப்புறத்தையும் கடற்கரையையும் காணப் புறப்பட்டனர். அதே ஆண்டில்தான் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பிரேஸ்கேர்டில் என்ற இளைஞர், இம்மலைத்தொடரின் மறுபுறத்து மடுல்கலையில், ரெலுகாஸ் தோட்டத்தில் துரைத்தொழில் பழகச் சேர்ந்தார். கண்ணால் கண்ட கொடுமை அவரைத் தொழிலாளர் பக்கம் நிறுத்தியது. 1937இல் ஆளுநர் அவரை நாடு கடத்தக் கட்டளையிட்டார். நீதிமன்றம் அதைச் செல்லாதாக்கியது. காட்சியைக் கண்டவன் என்ன செய்யவேண்டும் என்பதற்கு அவர் ஓர் எடுத்துக்காட்டு.

ஆகவே, அழகைச் சுவைப்பது குற்றமன்று. அதனை ஆக்கியவளுக்கு அதே சுவை மறுக்கப்படுவதைக் கண்டும் வாளாவிருப்பதே குற்றம். நாட்கூலியில் வாழ்பவளுக்கு மலைக்குப் போகாத நாள் பெரும்பாலும் கூலியிழந்த நாள். ஊதியத்துடன் ஓய்வும், தன் பெயரில் காணியும் வீடும் பெற்று, தன் பிள்ளைகளுடன் அவளும் ஒருநாள் கோர்பெட் கணவாயில் நின்று மலையைப் பார்க்கவேண்டும். ஆசிரியரும் மாணவரும் இக்கோரிக்கையைத் தமதாக்கிக் குரல்கொடுக்கும்போதே, அவர்களது விடுமுறைப் பயணமும் நியாயம் பெறும்.