எங்கெல்ஸ் ஆபீஸுக்குப் போன வருடங்கள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, அப்போது வேலை பார்த்த நிறுவனத்தில் ஒரு ப்ரோக்ராம் எழுதினேன். சப்ளையர் அனுப்பும் பில்லை, நாங்கள் கொடுத்த ஆர்டரோடும், குடோனில் சரக்கு இறங்கிய பதிவோடும் ஒப்பிட்டுப் பார்க்கும். மூன்றும் பொருந்தினால் பணம் கொடுக்கலாம் என்று சொல்லும். அவ்வளவுதான். அதுவரை அந்த வேலையைப் பதினான்கு பேர் செய்துகொண்டிருந்தார்கள். எந்த சப்ளையர் வரியைத் தனியாகப் போடுவார், எவர் கிலோவுக்குப் பதிலாக மூட்டைக் கணக்கில் எழுதுவார் என்பதெல்லாம் எந்த ஃபைலிலும் கிடையாது, அவர்கள் தலைக்குள்தான் இருந்தது. அங்கே சீனியரான ஒரு அக்கா இரண்டு வாரம் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். நான் அவற்றை ஒவ்வொன்றாக இஃப்-எல்ஸ் ஆக்கினேன்.

எட்டு மாதத்தில் பதினான்கு பேர் நான்கு பேரானார்கள். அந்த நான்கில் அக்கா இல்லை. கடைசி நாள் கேன்டீனில் பார்த்தபோது, "நல்லா ஓடுதுப்பா உன் ப்ரோக்ராம். அந்த மூட்டை கேஸ்கூட சரியாப் புடிக்குது" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. சந்தோஷமாகத்தான் சொன்னார். குத்தலாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த வருடம் எனக்கு நல்ல இன்க்ரிமென்ட். வாங்கிய புத்தகங்களும் அந்த வருடம்தான் அதிகம். பாதிக்கு மேல் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொழிலாளர் வரலாறு. ஒரு நாள் நண்பன் அலமாரியைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "மச்சான், இதெல்லாம் வாங்குற காசு எங்கேர்ந்து வருதுன்னு யோசிச்சியா?" நான் சட்டென்று, "எங்கெல்ஸுக்கு மட்டும் எங்கேர்ந்துடா வந்துச்சு?" என்றேன். சிரித்தான், நானும் சிரித்தேன், பேச்சு வேறெங்கோ போய்விட்டது. ஆனால் அந்தப் பதில் என்னை விடவில்லை. நான் அதைக் கேள்விக்கான பதிலாகச் சொல்லவில்லை, தப்பிக்கத்தான் சொன்னேன்.

எங்கெல்ஸின் கதை பலருக்குத் தெரிந்ததுதான். 1820ல் ஜெர்மனியின் பார்மனில் பஞ்சாலை முதலாளியின் மூத்த மகனாகப் பிறந்தார். பையன் தீவிரவாதக் கருத்துகள் பேசுகிறான் என்று கவலைப்பட்ட அப்பா, 1842ல் அவரை மான்செஸ்டருக்கு, தான் பங்குதாரராக இருந்த எர்மென் அண்ட் எங்கெல்ஸ் என்கிற தையல்நூல் நிறுவனத்துக்குத் தொழில் கற்க அனுப்பினார். பையன் சரியாகிவிடுவான் என்று நினைத்து, உலகத்திலேயே பையன் கெட்டுப்போக ஆகச்சிறந்த ஊருக்கு அனுப்பிவைத்த அப்பா அவர். 1801ல் சுமார் 75 ஆயிரம் பேர் இருந்த மான்செஸ்டர், 1851ல் 3 லட்சத்தைத் தாண்டியது. எங்கெல்ஸ் வந்திறங்குவதற்குச் சில மாதங்கள் முன்பு, 1842 ஆகஸ்டில், அந்த வட்டாரத்தில் பெரிய பொது வேலைநிறுத்தம் நடந்தது. தொழிலாளர்கள் நீராவிக் கொதிகலன்களின் அடைப்பான்களைப் பிடுங்கி ஆலைகளை நிறுத்தினார்கள்.

அங்கே இருந்த இரண்டு வருடத்தில் பார்த்ததை வைத்துத்தான் 'இங்கிலாந்தில் உழைக்கும் வர்க்கத்தின் நிலை' என்ற புத்தகத்தை எழுதினார். 1845ல் லைப்சிக்கில் ஜெர்மன் மொழியில் வந்தது. அதில் எனக்கு மறக்காத விஷயம் புள்ளிவிவரமோ நோய்களோ இல்லை, சாலை. மான்செஸ்டரின் பெரிய சாலைகளில் இருபுறமும் வரிசையாகக் கடைகள் இருந்தன. புறநகர் பங்களாவிலிருந்து நகர மையத்துக்கு வண்டியில் போகும் முதலாளி அந்தக் கடை வரிசைக்குப் பின்னாலிருந்த சேரிகளைப் பார்க்காமலே தினமும் போய்வரலாம். யாரும் உட்கார்ந்து திட்டமிட்டுச் செய்ததில்லை, ஆனாலும் ஊர் அப்படி அமைந்துவிட்டது. இதைப் படித்தபோது எங்கள் டேஷ்போர்டு ஞாபகம் வந்தது. 'கையால் செய்யப்பட்டவை' என்ற கோடு மாதாமாதம் இறங்கிக்கொண்டே போகும். பச்சைக் கலர்.

பிறகு 1848. பிப்ரவரியில் லண்டனில் 'கம்யூனிஸ்ட் அறிக்கை' அச்சாகிறது. அதே மாதம் பாரிஸில் மன்னர் லூயி பிலிப் பதவி துறக்கிறார். மார்ச்சில் வியன்னா, பெர்லின். அறிக்கைக்கும் புரட்சிக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை, அதை அப்போது படித்தவர்களே கொஞ்சம்தான். ஜூனில் பாரிஸ் தொழிலாளர் எழுச்சி ரத்தத்தில் முடிந்தது. 1849ல் எங்கெல்ஸ் பாடன் பகுதியில் துப்பாக்கியோடு சண்டைக்கே போனார். தோற்று, சுவிட்சர்லாந்து வழியாகத் தப்பி, லண்டன் வந்தார். மார்க்ஸ் குடும்பம் ஏற்கெனவே அங்கே வறுமையில் கிடந்தது. சோஹோவின் டீன் தெருவில் இருந்த வருடங்களில் மூன்று குழந்தைகள் இறந்தன.

1850 நவம்பரில் எங்கெல்ஸ் மான்செஸ்டருக்கு, அதே அப்பாவின் நிறுவனத்துக்கு, வேலைக்குத் திரும்பினார். 1869 ஜூன் 30 வரை அங்கேதான். முதலில் குமாஸ்தா, 1864லிருந்து பங்குதாரர். பருத்திச் சந்தையில் பேரம், கிளப் உறுப்பினர், குளிர்காலத்தில் குதிரையேறி நரி வேட்டை. வியாபார நண்பர்களை வரவேற்க ஒரு வீடு. வாழ்ந்தது இன்னொரு வீட்டில், மேரி பர்ன்ஸ் என்கிற ஐரிஷ் தொழிலாளி வர்க்கப் பெண்ணோடு. அந்த வேலையை அவர் வெறுத்தார் என்பதைக் கடிதங்கள் முழுக்கப் பார்க்கலாம். மாதாமாதம் மார்க்ஸுக்குப் பணம் போகும். தபாலில் திருட்டுப் போகாமலிருக்க ரூபாய் நோட்டை, மன்னிக்கவும், பவுண்டு நோட்டை இரண்டாகக் கிழித்து இரண்டு உறைகளில் தனித்தனியாக அனுப்புவார். ஓடிபிக்குத் தாத்தா.

பணம் மட்டும் போகவில்லை. இயந்திரங்களை எத்தனை வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள் என்று 1858ல் மார்க்ஸ் கேட்டபோது, தேய்மானத்துக்கு ஆலைகள் வருடம் 7.5 சதவீதம் கழிப்பதைச் சொல்லி எங்கெல்ஸ் பதில் எழுதினார். 'மூலதனம்' எழுதியவர் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்தார். ப்ரொடக்‌ஷன் ஆக்சஸ் இவரிடம் இருந்தது.

இப்போது கேள்விக்கு வருகிறேன். ஆலையில் நூல் முறுக்கிய பெண்களின் உழைப்பிலிருந்து உபரி வந்தது. அதில் ஒரு பகுதி சோஹோ போய், உபரி என்பது என்ன என்று விளக்கும் புத்தகமானது. ஒரு ஏற்பாடு தவறு என்று தெரிந்தும் அதன் பலனில் வாழ்கிறவன், அந்தப் பலனை அதை எதிர்க்கவே செலவழித்தால், கணக்கு நேராகிவிடுமா?

எங்கெல்ஸ் பிற்காலத்தில், 1883ல், ஒரு கடிதத்தில் இதைத் தொட்டுப்போகிறார். ஒருவர் பங்குச்சந்தைக்காரராகவும் சோஷலிஸ்டாகவும் ஒரே நேரத்தில் இருக்கலாம், தான் ஆலைப் பங்குதாரராக இருந்ததற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை என்பது அவர் நிலை. எனக்கு இதில் பிடித்தது, குற்ற உணர்ச்சியைக் காட்டி நல்ல பெயர் வாங்க முயலவில்லை என்பது. அந்த வியாதி நம்மிடம் நிறைய உண்டு (இந்தக் கட்டுரையின் முதல் பத்தியிலும் கொஞ்சம் இருக்கலாம்). தர்க்கமும் சரிதான். அவர் 1851ல் ராஜினாமா செய்திருந்தால் எர்மென் வேறொரு குமாஸ்தாவைப் போட்டிருப்பார், ஆலையில் ஒரு ஊசிகூட நின்றிருக்காது, மார்க்ஸ் குடும்பம் இன்னும் பட்டினி கிடந்திருக்கும். ஒரு முதலாளி நல்லவனா கெட்டவனா என்பது பிரச்சினையே இல்லை, உறவு அப்படி அமைந்திருக்கிறது என்பதுதானே அவர்கள் கண்டுபிடிப்பே.

ஆனால் 1855ல் அந்த ஆலையில் நின்ற ஒரு பெண்ணை நினைத்துப் பார்க்கிறேன். அவள் கணக்கு எங்கே நேராகிறது? அவள் உழைப்பில் ஒரு பங்கு போய்ச் சேர்ந்த புத்தகம் 1867ல் வந்தது, ஜெர்மனில். ஆங்கிலத்தில் வர 1887 ஆயிற்று. அதற்குள் அவள் இருந்தாளோ இல்லையோ. அவளிடம் யாரும் கேட்கவும் இல்லை. வரலாற்றுக்கு லாபம் வந்திருக்கலாம், ஆனால் கடன் கொடுத்தவள் வேறு ஆள். 'அமைப்புதான் காரணம்' என்ற வாக்கியம் உண்மை என்பதாலேயே அதன் பின்னால் ஒளிந்துகொள்ள முடிகிறது. மான்செஸ்டர் சாலையின் கடை வரிசை மாதிரி.

வேறு என்ன செய்திருக்க முடியும் என்று கேட்கலாம். அதே காலத்தில் வேறு ஆலை முதலாளிகள் இருந்தார்கள். ராபர்ட் ஓவனை எல்லோருக்கும் தெரியும். ஸ்காட்லாந்தின் நியூ லானார்க்கில் வேலைநேரத்தைக் குறைத்தார், 1816ல் குழந்தைகளுக்குப் பள்ளி திறந்தார். நல்ல மனிதர், ஆனால் நல்ல முதலாளி கிடைத்தால் நல்ல வாழ்க்கை என்பதைத் தாண்டி நியூ லானார்க் எதையும் நிரூபிக்கவில்லை. எனக்கு முக்கியமானவர் ஜான் ஃபீல்டன். டாட்மார்டனில் அவர் குடும்பத்துக்கு இருந்தது அந்தக் காலத்தின் மிகப் பெரிய பஞ்சாலைகளில் ஒன்று. சிறுவனாக அப்பாவின் ஆலையில் வேலை செய்தவர். ஆலைக் குழந்தைகள் இயந்திரத்தின் பின்னால் ஒரு நாளைக்கு இருபது மைலுக்கு மேல் நடக்கிறார்கள் என்று ஒரு கூட்டத்தில் யாரோ சொன்னபோது அவர் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து தன் சொந்த ஆலையிலேயே அளந்து பார்த்தார். இருபது மைலுக்குக் குறையவில்லை. 1836ல் அதை அச்சிட்டு வெளியிட்டார்.

அவர் தன் ஆலையை மட்டும் திருத்திவிட்டு நிற்கவில்லை. நான் ஒருவன் மணிநேரத்தைக் குறைத்தால் பக்கத்து ஆலைக்காரன் என்னை விலையில் அடித்துவிடுவான், அதனால் எல்லோருக்கும் சேர்த்துச் சட்டம் வேண்டும் என்பது அவர் வாதம். நாடாளுமன்ற உறுப்பினராக 1847ல் பத்து மணிநேரச் சட்டத்தைக் கொண்டுவந்து நிறைவேற்றியவர் அவர்தான். பெண்களுக்கும் இளம் வயதினருக்கும் பத்து மணிநேரம். வேடிக்கை என்னவென்றால், 1850ல் எங்கெல்ஸ் இந்தச் சட்டத்தைப் பிற்போக்காளர்களின் வேலை என்கிற மாதிரி இளக்காரமாக எழுதினார். 1864ல் மார்க்ஸ் அதையே ஒரு கொள்கையின் வெற்றி என்றார். இந்த இடத்தில் நான் 1864 பக்கம்.

ஃபீல்டனும் சுத்தமானவர் இல்லை. ஃபீல்டன் ஆலையோ எங்கெல்ஸ் ஆலையோ, லங்காஷயருக்கு வந்த பருத்தியில் பெரும்பகுதி அமெரிக்கத் தெற்கில் அடிமைகள் பறித்தது. ஆலைத் தொழிலாளியின் கூலியும் கடைசியில் அங்கிருந்துதான் வந்தது. அடியில் போகப் போக இன்னொரு ஆள் இருந்துகொண்டே இருக்கிறார். 1861ல் உள்நாட்டுப் போர் வந்து, வடக்கு மாநிலங்கள் தெற்கின் துறைமுகங்களை முற்றுகையிட்டதும் பருத்தி நின்றது. லங்காஷயரில் ஆலைகள் மூடின. லட்சக்கணக்கானோர் நிவாரணத்தை நம்பி வாழ்ந்தார்கள். சூரத்திலிருந்து வந்த மட்டமான பருத்தி இழைக்கு இழை அறுந்தது. முற்றுகையை உடைக்கச் சொல்லி அரசை நெருக்கத் தொழிலாளர்களுக்கு எல்லாக் காரணமும் இருந்தது, சில ஊர்களில் தெற்குக்கு ஆதரவும் இருந்தது. ஆனாலும் 1862 டிசம்பர் 31 அன்று மான்செஸ்டர் ஃப்ரீ ட்ரேட் ஹாலில் தொழிலாளர்கள் கூடி, அடிமை ஒழிப்பை ஆதரித்து லிங்கனுக்குக் கடிதம் எழுதினார்கள். மூன்று வாரத்துக்குள் லிங்கன் பதில் எழுதினார்.

அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களில் பலருக்கு வேலை இல்லை. தங்கள் கூலிக்கு அடியில் யார் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டு, அந்தச் செலவு தங்கள் கையிலிருந்து போகட்டும் என்றார்கள். எங்கெல்ஸின் பத்தொன்பது வருட ஆபீஸையும் தியாகம் என்று சொல்கிறோம். தியாகம்தான், நான் மறுக்கவில்லை, தான் வெறுத்த வேலையில் இளமை முழுக்கப் போயிற்று. ஆனால் அதில் அவர் கொடுத்தது தன் நேரத்தையும் ஆலையின் பணத்தையும். இரண்டில் ஒன்றுதான் அவருடையது. நண்பனிடம் "எங்கெல்ஸுக்கு மட்டும்?" என்று நான் கேட்டபோது இந்த வித்தியாசத்தைத்தான் விழுங்கினேன். என் இன்க்ரிமென்ட்டில் புத்தகம் வாங்கினேன், அதைப் பற்றிக் கட்டுரைகூட எழுதினேன். பதினான்கு நான்காகப்போகிறது என்று முதல்முறை ஸ்லைடில் பார்த்த மீட்டிங்கில் மட்டும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒன்றும் மாறியிருக்காது என்பது சரி. ஆனால் அந்த அறையில் அக்காவின் பெயர் தெரிந்த ஒரே ஆள் நான்.

இப்போது வேறு நிறுவனம். போன மாதம் ஏறக்குறைய அதே மாதிரி ஒரு ப்ராஜெக்ட் வந்தது. ஆரம்பிக்கும் முன்பு மேனேஜரிடம், இப்போது இதைச் செய்கிற ஆட்கள் என்ன ஆவார்கள் என்று கேட்டேன். "அது ஹெச்ஆர் பாத்துக்கும்ப்பா" என்றார். சரி, அதை ப்ராஜெக்ட் டாக்குமென்ட்டில் ஒரு வரியாகப் போடலாம், எத்தனை பேர், எங்கே மாற்றப்படுவார்கள் என்று, எனச் சொன்னேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, வரியைச் சேர்த்தார். எதிரே 'பின்னர் முடிவு செய்யப்படும்' என்று இருக்கிறது. வாரம் ஒருமுறை ரிவ்யூவில் நான் அந்த வரியைத் திறக்கிறேன். இன்னும் அப்படியே இருக்கிறது.

திங்கட்கிழமை வேலையைச் சொல்லிக்கொடுக்க ஒருவர் வந்து உட்கார்ந்தார். ஐம்பது வயதிருக்கும், கையில் ஒரு நீளமான நோட்டு. ஆரம்பிக்கும் முன்பே, இது எதற்காக, முடிந்தபின் என்ன ஆகலாம் என்று எனக்குத் தெரிந்ததை அவரிடம் சொன்னேன்.

"தெரியும் தம்பி" என்றார். நோட்டைத் திறந்தார். "மொதல்ல இந்த ரிட்டர்ன் வர்ற சரக்குலேர்ந்து ஆரம்பிப்போம், அதுலதான் குழப்பம் ஜாஸ்தி."