150 மணி நேரம்

நாமக்கல் பக்கம் ஒரு மருத்துவமனையில், குழந்தைகள் வார்டில் அக்கா ஸ்டாஃப் நர்ஸ். பதினாலு வருஷ சர்வீஸ். அவளுடைய பதிவைப் புதுப்பிக்கும் விண்ணப்பத்தை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். இந்திய நர்சிங் கவுன்சில் கேட்பது 5 ஆண்டுகளில் 150 மணி நேரத் தொடர்கல்வி. சான்றிதழ்களை ஸ்கேன் செய்துகொண்டே கேட்டேன்.

"இதுல எத்தனை கிளாஸ்க்கா ஒழுங்கா கவனிச்சே?"

"நைட் டூட்டி முடிச்சு நேரா போனா தூக்கம்தான்டா வரும்."

சிரித்தேன். என் கிளவுட் சான்றிதழ்களும் கேள்விகளை மனப்பாடம் செய்து வாங்கியவைதான். ஆனால் நான் தப்பு செய்தால் பழைய வெர்ஷனுக்குத் திரும்பிவிடலாம்.

அவள் வேலையில் அது நடக்காது. இதயம் நின்றுபோன 5 கிலோ குழந்தைக்கு அட்ரினலின், கிலோவுக்கு 0.01 மி.கி. என்ற கணக்கில், 0.05 மி.கி. ஆம்பியூலில் இருப்பதோ மி.லி.க்கு 1 மி.கி. பத்து மடங்கு நீர்க்கச் செய்து அரை மி.லி. போட வேண்டும். நீர்க்க மறந்தால் அதே அரை மி.லி. பத்து மடங்கு மருந்து. எடை மாறினால் கணக்கும் மாறும். இப்படிப்பட்ட நிமிஷம் அபூர்வமாகத்தான் வரும். அபூர்வமாகச் செய்வதைக் கை சீக்கிரம் மறக்கும். உயிர்காப்புப் பயிற்சியில் கற்றது சில மாதங்களிலேயே மங்குகிறது என்கின்றன ஆய்வுகள்.

அப்படியென்றால் 150 மணி நேரம் வெறும் சடங்கா? நான் அப்படித்தான் நினைத்தேன். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "அங்க போனாத்தான் எது மாறிருச்சுன்னே தெரியுது. ஆனா அது போதாது."

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆபத்தான மருந்து என்றால் ஜூனியர் பெண்ணைக் கூப்பிட்டுத் தனியாகக் கணக்குப் போடச் சொல்வாள். தன் விடையை முதலில் சொல்ல மாட்டாள். "சொன்னா அவ தலையாட்டிருவா."

ஒருநாள் ராத்திரி இரண்டு விடையும் ஒத்துப்போகவில்லை. தப்பு அக்காவுடையது. மருந்து ஏற்றுவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. "அந்தப் புள்ள சொல்லத் தயங்கி நின்னா பாரு, அதுதான்டா இன்னும் பயமா இருக்குது."

தகுதி என்பது எனக்கு எவ்வளவு தெரியும் என்பது மட்டுமல்ல. எனக்குத் தெரியவில்லை என்று என்னைவிடச் சின்னவள் சொல்ல முடிகிறதா என்பதும்தான். அதைத் தனி ஒருத்தியின் நல்ல குணமாக விட்டுவிடுவதும் நியாயமில்லை. தூக்கமில்லாதவளை வகுப்புக்கு அனுப்பும் நிர்வாகத்துக்கும் அதில் பங்கு உண்டு.

"உன் கோடை யாருடா பாக்கறாங்க?" என்றாள்.

ஜூனியர்கள்தான் பார்க்கிறார்கள். இதுவரை ஒருத்தர்கூடத் தப்பு என்று சொன்னதில்லை. அதை இத்தனை நாளும் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.