தனிமையில் துணை

1908-ஆம் ஆண்டு மே மாதம் கைதான ஸ்ரீஅரவிந்தர், கல்கத்தாவின் அலிப்பூர் சிறையில் 9 அடி நீள அறையொன்றில் தனியே அடைக்கப்பட்டார். தொடக்கத்தில் அவரது நம்பிக்கையும் சற்றுத் தளர்ந்தது.

பின்னர் கீதையும் உபநிஷதங்களும் அவர் கைக்கு வந்தன. கீதை தத்துவ நூல் மட்டுமன்று. 700 சுலோகங்களாலான கவிதையுமாகும். ஓத ஓத உள்ளம் தெளிந்தது. அறைக்கு வெளியே உலவ அனுமதி கிடைத்தபோது, எதிரே நின்ற மரத்தை வாசுதேவனாகவே கண்டார். விடுதலைக்குப் பின், 1909-இல் உத்தரபாராவில் ஆற்றிய உரையில் இதனை அவரே கூறியுள்ளார்.

அன்பர்களே! முதுமையாலோ நோயாலோ தனித்திருக்க நேரிடின் கலங்க வேண்டா. நாள்தோறும் ஒரு சுலோகத்தைப் பொருளுணர்ந்து ஓதுங்கள். பிறகு சன்னலைத் திறந்து, கண்ணில் படும் ஒரு மரத்தைச் சிறிது நேரம் அன்புடன் நோக்குங்கள். அவ்வறையில் அவருக்குத் துணையிருந்தவன் நம்மையும் கைவிடான்.